மின்செலவைக் குறைத்த மென்பொருள் இன்னும் பாதுகாப்பானதா? அளந்து சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நிரலை மாற்றி எழுதிவிட்டு, "மின்செலவு 20 சதவீதம் குறைந்தது" என்று முடியும் அறிக்கைகள் பலவற்றைச் சரிபார்த்திருக்கிறேன். கூட்டல் கழித்தலில் பெரும்பாலும் பிழை இருக்காது. எந்த வேலையை விட்டுக்கொடுத்ததால் அந்த மின்சாரம் மிச்சமானது என்பதைத்தான் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தடையைக் கண்டதும் வண்டியை நிறுத்த வேண்டிய நிரல், மாற்றத்துக்குப் பிறகு சற்றுத் தாமதமாக நிறுத்துகிறது என்றால் அந்த 20 சதவீதத்துக்கு மதிப்பில்லை.

புதியவர்கள் தடுமாறுவது வரிசையில். முதலில் நிரலை மாற்றுகிறார்கள், பிறகு அளக்கிறார்கள், நேரம் மிஞ்சினால் பாதுகாப்பைச் சோதிக்கிறார்கள். அதற்குள் சேமிப்பு எண்ணின்மேல் ஆசை வந்துவிடும். சோதனையில் ஒரு தோல்வி வந்தாலும் "அது அபூர்வமான சூழல்" என்று ஒதுக்கத் தோன்றும். இதைத் தவிர்க்க ஒரே வழி, பாதுகாப்பு எல்லையை எழுதி வைத்த பிறகே நிரலைத் தொடுவது.

வழிகாட்டி முழுவதும் ஒரே உதாரணத்தோடு போகிறேன்: கிடங்கில் ஆளில்லாமல் நகரும் சரக்கு வண்டி. கேமரா விநாடிக்கு 20 பிரேம் தருகிறது. ஒவ்வொரு பிரேமிலும் தடை இருக்கிறதா என்று நிரல் பார்க்கிறது. வண்டி, வாட், ஜூல் பற்றி வரும் எண்கள் கணக்கை விளக்க நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் கருவிக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நிரலின் பழைய பதிப்பு ஒன்று, கமிட் எண்ணோடு, மீண்டும் அப்படியே கம்பைல் செய்யக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். கம்பைலர் பதிப்போ நூலகப் பதிப்போ இடையில் மாறினால், உங்கள் மாற்றத்தின் விளைவு எது, கம்பைலரின் விளைவு எது என்று பிரிக்க முடியாது.

வேறு யாரும் பயன்படுத்தாத ஒரு கணினி வேண்டும். பகிர்ந்துகொள்ளும் சர்வரில் அளக்காதீர்கள். சிபியுவுக்குள் செலவாகும் மின்சாரத்தைக் கணக்கிடும் ஆற்றல் எண்ணி (கவுண்டர்) முழுச் சில்லுக்கும் சேர்த்தே எண்ணுகிறது. பக்கத்தில் ஓடும் மற்றவரின் வேலையும் உங்கள் கணக்கில் விழும். கன்டெய்னருக்குள் ஓட்டினாலும் இதே கதைதான். மெய்நிகர்க் கணினிகளில் பெரும்பாலும் அந்த எண்ணியே கண்ணுக்குத் தெரியாது.

அந்தக் கணினியில் ரூட் அனுமதியும் தேவை. லினக்ஸில் முன்பு எந்தப் பயனரும் ஆற்றல் எண்ணியைப் படிக்க முடிந்தது. அதைக் கவனித்தே ரகசியச் சாவிகளை ஊகிக்கலாம் என்று பிளாட்டிபஸ் என்ற தாக்குதல் 2020 நவம்பரில் காட்டிய பிறகு, சாதாரணப் பயனருக்கு அந்த வழி அடைக்கப்பட்டது. அனுமதி கிடைக்க நாளாகலாம் என்பதால் இதை முதல் நாளே கேட்டு வையுங்கள்.

2. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"நிரல் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது?" என்ற கேள்வியை வைத்து எதையும் அளக்க முடியாது. "தடையைக் கண்டறியும் மாதிரியை (மாடலை) அதிகத் துல்லியமான எண்களிலிருந்து 8 பிட் எண்களுக்கு மாற்றினால், அது அதே கருவியில், விநாடிக்கு 20 பிரேம் என்ற அதே வேகத்தில், ஒரு பிரேமுக்கு எத்தனை ஜூல் குறைவாக எடுக்கிறது?" என்று கேட்டால் அளக்கலாம்.

இங்கே வாட்டையும் ஜூலையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். வாட் என்பது அந்த நொடியில் ஓடும் வேகம், ஜூல் என்பது மொத்தச் செலவு. 30 வாட்டில் 10 விநாடியில் முடியும் நிரல் 300 ஜூல் எடுக்கிறது. 20 வாட்டில் 18 விநாடி ஓடும் நிரல் 360 ஜூல் எடுக்கிறது. வாட்டை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டாவதே சிக்கனமாகத் தெரியும்.

நம் வண்டியைப் போல ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப ஓடும் நிரல்களில் இன்னொரு பொறி இருக்கிறது. ஒரு பிரேமை 40 மில்லிவிநாடிக்குப் பதில் 30 மில்லிவிநாடியில் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமான 10 மில்லிவிநாடியில் சிபியு உறங்கினால்தான் மின்சாரம் மிச்சம். அடுத்த பிரேம் வந்துவிட்டதா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே வேலை நடந்த நேரத்தை மட்டும் வெட்டி எடுத்து அளக்காதீர்கள். இரண்டு பதிப்புகளையும் ஒரே கால அளவுக்கு, உதாரணமாக 10 நிமிடம், ஓடவிட்டு முழுவதையும் அளங்கள்.

3. பாதுகாப்பு எல்லையை எண்ணாக மாற்றுங்கள்

மற்ற எல்லாவற்றையும் விட அதிக நேரம் தர வேண்டிய படி இது. "வண்டி பாதுகாப்பாக நிற்க வேண்டும்" என்று எழுதினால் எந்தச் சோதனையும் அதைத் தோற்கடிக்காது. மீட்டரிலும் மில்லிவிநாடியிலும் எழுதினால்தான் தோற்கடிக்கும்.

கணக்கைப் போடுவோம். வண்டியின் வேகம் விநாடிக்கு 1.5 மீட்டர். பிரேக் பிடித்தால் ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 1 மீட்டர் குறைகிறது. வேகத்தின் வர்க்கத்தை, வேகம் குறையும் வீதத்தின் இருமடங்கால் வகுத்தால் பிரேக் தூரம் வரும்: 1.125 மீட்டர். தவறான எச்சரிக்கையைத் தவிர்க்க, அடுத்தடுத்து 3 பிரேமில் தெரிந்தால் மட்டுமே அதைத் தடை என்று நிரல் ஏற்கிறது. பிரேம் இடைவெளி 50 மில்லிவிநாடி. தடை ஒரு பிரேம் முடிந்த மறுகணம் தோன்றினால், அது தடைதான் என்று உறுதியாவதற்கு 150 மில்லிவிநாடி ஆகும். அதற்குள் வண்டி 0.225 மீட்டர் போய்விடும். கணக்கிட்டுப் பிரேக்குக்குக் கட்டளை போய்ச் சேர இன்னொரு 100 மில்லிவிநாடி, அதாவது 0.15 மீட்டர். மொத்தம் 1.5 மீட்டர். மூலை திரும்பும்போது தடை கண்ணில் படும் தூரம் 1.6 மீட்டர் என்றால், பத்து சென்டிமீட்டர்தான் இடைவெளி.

இப்போது ஒருவர் வந்து, "ஒன்று விட்டு ஒரு பிரேமைப் பார்த்தால் போதுமே, வேலை பாதியாகிவிடும்" என்கிறார். உறுதியாகும் நேரம் 300 மில்லிவிநாடியாகிறது. அதற்குள் வண்டி 0.45 மீட்டர் போகும். மொத்தம் 1.725 மீட்டர். வண்டி மோதிவிடும். ஒரு பிரேமில் தடையைக் கண்டறியும் துல்லியம் இம்மியும் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். துல்லியத்தை மட்டும் சோதித்திருந்தால் இந்தத் தவறு தப்பிப் போயிருக்கும்.

வேகத்தை விநாடிக்கு 1.4 மீட்டராகக் குறைத்தால் மொத்தத் தூரம் 1.54 மீட்டருக்கு வந்து எல்லைக்குள் அடங்கும். ஆனால் அதே பயணத்துக்கு ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நேரம் ஆகும். அப்போது ஒரு பிரேமுக்கு எத்தனை ஜூல் என்ற கேள்வியை விட்டுவிட்டு, ஒரு பயணத்துக்கு எத்தனை ஜூல் என்று கேட்க வேண்டியிருக்கும். மாற்றத்தைத் தொடும் முன்பே இந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பாதுகாப்பு எல்லை சில நேரம் ஆய்வுக் கேள்வியையே மாற்றிவிடும்.

உங்கள் துறைக்கான தரநிலை எது என்பதையும் இந்தப் படியிலேயே பாருங்கள். சாலை வாகனங்களுக்கு ஐஎஸ்ஓ 26262 இருக்கிறது, அதன் இரண்டாம் பதிப்பு 2018இல் வந்தது. எதுவும் பழுதாகாமலே சென்சாரோ நிரலோ போதாமல் போவதால் வரும் ஆபத்துகளை 2022இல் வந்த ஐஎஸ்ஓ 21448 பேசுகிறது. ஆளில்லாத தொழிற்கூட வண்டிகளுக்கு ஐஎஸ்ஓ 3691-4. மின்செலவைக் குறைக்கும் மாற்றமும் ஒரு மாற்றம்தான். அது எதையெல்லாம் தொடுகிறது என்ற தாக்க ஆய்வு அதற்கும் உண்டு.

4. பழைய பதிப்பையே முதலில் சோதியுங்கள்

எல்லை எழுதியாகிவிட்டது. இன்னும் நிரலைத் தொடாதீர்கள். சிமுலேட்டரில், அதாவது வண்டியையும் கிடங்கையும் கணினிக்குள் உருவகிக்கும் மென்பொருளில், சோதனைச் சூழல்களை அமைத்து, பழைய பதிப்பை ஒவ்வொன்றிலும் 10 முறை ஓட்டுங்கள்.

பத்தில் ஏழு முறை தேறி மூன்று முறை தோற்கும் சூழல்கள் கண்டிப்பாகத் தென்படும். காரணம் நிரலாக இருக்க வேண்டியதில்லை. சிமுலேட்டர் நேரத்தை நகர்த்தும் விதமே காரணமாகலாம். கார்லா போன்ற சிமுலேட்டர்களில் ஒத்திசைவு முறையும், மாறாத நேரப்படியும் உண்டு. இரண்டையும் போட்டு, ரேண்டம் எண்களின் தொடக்க மதிப்பையும் நிலையாக வையுங்கள். அதன் பிறகும் ஆடும் சூழல்களைத் தனிப் பட்டியலாக வையுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், பிறகு புதிய பதிப்பு தோற்கும்போது அது மாற்றத்தின் விளைவா, சிமுலேட்டரின் ஆட்டமா என்று தெரியாமல் வாரக்கணக்கில் அலைவீர்கள்.

ஒத்திசைவு முறைக்கு ஒரு விலை உண்டு. நிரல் எவ்வளவு நேரம் எடுத்தாலும் சிமுலேட்டர் காத்திருக்கும். எனவே தாமதத்தால் வரும் ஆபத்து அங்கே தெரியாது. உண்மைக் கருவியில் அளந்த தாமதத்தைச் சிமுலேட்டருக்குள் வேண்டுமென்றே புகுத்த வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

5. அளக்கும் கருவியைத் தேர்ந்தெடுங்கள்

மேசைக் கணினி, சர்வர் என்றால் இன்டெல் சில்லுகளில் 2011இல் சாண்டி பிரிட்ஜ் தலைமுறையோடு வந்த ராப்ல் (RAPL) என்ற ஆற்றல் எண்ணியே எளிய வழி. ஏஎம்டியின் ஜென் வகைச் சில்லுகளிலும் இதுபோன்ற எண்ணி உண்டு. லினக்ஸில் பவர்கேப் என்ற கெர்னல் இடைமுகம் வழியாகவோ பெர்ஃப் கருவி மூலமாகவோ படிக்கலாம். தொடக்க காலச் சில்லுகளில் அது ஒரு மதிப்பீடு மட்டுமே. இன்டெலின் ஹேஸ்வெல் தலைமுறை முதல் உண்மையான அளவீட்டை ஒட்டி வருகிறது. பழைய கணினியை எடுத்து ஆய்வு செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த எண்ணி ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. அரை மில்லிவிநாடி ஓடும் ஒரு ஃபங்ஷனை அதை வைத்து அளக்க முடியாது. ஃபங்ஷனை ஆயிரக்கணக்கான முறை சுற்றவிட்டு, மொத்தத்தை எண்ணிக்கையால் வகுங்கள்.

அது 32 பிட் எண்ணி என்பதால் நிரம்பியதும் மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். ஒரு படி சுமார் 61 மைக்ரோஜூல் உள்ள சில்லில் 2,62,144 ஜூலில் ஒரு சுற்று முடியும். 100 வாட்டில் அது 44 நிமிடத்துக்கும் குறைவு. நீண்ட ஓட்டத்தில் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் படித்துக் கழித்தால் எதிர்மறை எண் வரலாம். அதைவிட மோசம், ஒரு சுற்றை விட்டுவிட்டும் நம்பும்படியான எண் வருவது. எங்கள் முதல் ஆய்வில் எனக்கே இப்படி நடந்தது. ஓர் ஓட்டம் மட்டும் அதிசயமாகச் சிக்கனமாகத் தெரிந்ததால் பிடிபட்டது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை படித்துக் கூட்டிக்கொண்டே வந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

ராப்ல் எண்ணியில் விசிறி, டிஸ்க், நெட்வொர்க் கார்டு, மின்வழங்கியில் வீணாகும் மின்சாரம் எதுவும் சேராது. தனி ஜிபியுவும் சேராது. என்விடியா ஜிபியுவாக இருந்தால் அதன் என்விஎம்எல் நூலகத்தைக் கேட்க வேண்டும். வோல்டா தலைமுறை முதல் மொத்த ஆற்றலையே மில்லிஜூலில் தரும் எண்ணி அதில் உண்டு.

வண்டியில் பொருத்தும் சிறு போர்டுகளில் ராப்ல் கிடையாது. என்விடியாவின் ஜெட்சன் போர்டுகள் பலவற்றில் ஐஎன்ஏ3221 என்ற மின்னோட்டச் சென்சார் போர்டிலேயே இருக்கிறது. ராஸ்பெர்ரி பை போன்றவற்றுக்கு ஐஎன்ஏ219 அல்லது ஐஎன்ஏ226 சென்சாரை மின்வழியில் தொடராக இணைக்கலாம். அளவைப் பதியும் நிரலை வேறொரு போர்டில் ஓட்டுங்கள். அதே போர்டில் ஓட்டினால் அளக்கும் வேலையின் செலவும் கணக்கில் ஏறும்.

சிமுலேட்டர் ஓடும் கணினியிலேயே மின்செலவை அளப்பதுதான் புதியவர்களிடம் நான் கண்ட மிகப் பெரிய பிழை. சிமுலேட்டர் படங்களை வரைய ஜிபியுவைப் பிழிந்தெடுக்கும். அந்தச் செலவின் முன் உங்கள் நிரலின் செலவு கண்ணுக்கே தெரியாது. சிமுலேட்டர் தந்த சென்சார் தரவைப் பதிந்துகொண்டு, உண்மைக் கருவியில் அதே வேகத்தில் திரும்ப ஓட்டி மின்செலவை அளங்கள். பாதுகாப்பை மட்டும் சிமுலேட்டரோடு இணைத்துச் சோதியுங்கள், ஏனென்றால் வண்டி நின்றதா என்பது நிரலின் முடிவுக்குச் சிமுலேட்டர் தரும் பதிலில்தான் தெரியும்.

6. கணினியை அமைதிப்படுத்துங்கள்

தானியங்கி அப்டேட், கோப்புத் தேடல், புளூடூத், வைஃபை, திரை என்று தேவையில்லாத எல்லாவற்றையும் நிறுத்துங்கள். திரை வெளிச்சம் மாறினால்கூட மடிக்கணினியின் மொத்தச் செலவு மாறும்.

சிபியு அலைவெண்ணைத் தானாக ஏற்றி இறக்கும் கவர்னரையும், அதை வழக்கமான அளவுக்கு மேலே உயர்த்தும் டர்போவையும் என்ன செய்வது? இதில் இரண்டு கருத்துகள் உண்டு. என் வழக்கம், இரண்டு முறை அளப்பது. முதலில் டர்போவை நிறுத்தி, அலைவெண்ணை ஒரே இடத்தில் கட்டி வைத்து அளப்பேன். எண்கள் சிதறாமல் வரும், மாற்றத்தின் விளைவு தெளிவாகத் தெரியும். பிறகு கருவி உண்மையில் எப்படி ஓடுமோ அப்படியே விட்டு அளப்பேன். முதலாவது காரணத்தைச் சொல்லும், இரண்டாவது பயன்பாட்டில் என்ன கிடைக்கும் என்று சொல்லும். ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் இரண்டாவதைச் செய்யுங்கள்.

வெப்பம் அடுத்தது. சில்லு சூடானால் கசிவு மின்னோட்டம் கூடும், அதே வேலைக்கே அதிக மின்சாரம் போகும். இன்னும் சூடானால் சில்லு தன் அலைவெண்ணைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே குளிர்ந்த கணினியில் முதல் ஓட்டத்தை எடுக்காதீர்கள். வெப்பநிலை நிலைக்கும் வரை 5 முதல் 10 நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி விடுங்கள். வெப்பநிலையையும் மின்செலவோடு சேர்த்தே லாக் செய்யுங்கள்.

7. வெற்றுநிலைச் செலவை அளங்கள்

நிரல் ஓடாதபோது கருவி எடுக்கும் மின்சாரத்தை அதே 10 நிமிடம், பலமுறை அளங்கள். இதன் காரணம் ஒரு கணக்கில் விளங்கும்.

வெற்றுநிலையில் 9 வாட், பழைய பதிப்பு ஓடும்போது 24 வாட், புதிய பதிப்பு ஓடும்போது 21 வாட் என்று கொள்வோம். மொத்தத்தை ஒப்பிட்டால் சேமிப்பு 12.5 சதவீதம். வெற்றுநிலையைக் கழித்துவிட்டால் 15 வாட் 12 வாட்டாகிறது, சேமிப்பு 20 சதவீதம். அளவீடு ஒன்றுதான், எண் இரண்டு. கவர்ச்சியான எண்ணை மட்டும் எழுதுபவர்கள் உண்டு. நீங்கள் இரண்டையும் எழுதுங்கள். மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்பவருக்கு முதல் எண்தான் வேண்டும்.

பிரேம் கணக்கிலும் சொல்லிவிடுகிறேன். 10 நிமிடத்தில் 12,000 பிரேம். 24 வாட்டில் 14,400 ஜூல். ஒரு பிரேமுக்கு 1.2 ஜூல்.

8. இப்போதுதான் நிரலை மாற்றுங்கள்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். 8 பிட்டுக்கு மாற்றுவது, படத்தின் அளவைக் குறைப்பது, அலைவெண்ணை இறக்குவது மூன்றையும் ஒரே கமிட்டில் போட்டால், பாதுகாப்புச் சோதனை தோற்கும்போது எதைத் திரும்பப் பெறுவது என்று தெரியாது.

9. மாறி மாறி ஓட்டுங்கள்

பழைய பதிப்பை 30 முறை ஓட்டி முடித்துவிட்டு, புதியதை 30 முறை ஓட்டுவது எல்லோரும் முதலில் செய்வது. காலையில் அறை குளிர்ச்சி, மதியம் வெப்பம். அந்த வேறுபாடு அப்படியே உங்கள் முடிவுக்குள் புகுந்துவிடும். ஓட்டங்களின் வரிசையை ஸ்கிரிப்ட்டே குலுக்கிப் போடட்டும். வரிசையையும் பதிந்து வையுங்கள்.

எத்தனை முறை ஓட்டுவது? 30 என்று பலர் எழுதுகிறார்கள், காரணம் சொல்வதில்லை. முதலில் ஐந்தாறு முறை ஓட்டி எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று பாருங்கள். சிதறலை (திட்ட விலக்கத்தை), நீங்கள் கண்டுபிடிக்க நினைக்கும் வேறுபாட்டால் வகுத்து, வர்க்கப்படுத்தி, 16ஆல் பெருக்கினால் ஒவ்வொரு பதிப்புக்கும் தேவையான எண்ணிக்கை தோராயமாக வரும். சிதறல் 2 சதவீதம், தேடும் வேறுபாடு 1 சதவீதம் என்றால் 64 முறை. தேடும் வேறுபாடு பெரிதென்றால் கணக்கு நான்கு, ஐந்து என்று வரும். அப்போதும் 20க்குக் கீழே போகாதீர்கள், எதிர்பாராத சிதறலை அந்தச் சிறு எண்ணிக்கை காட்டாது.

தனியே விலகி நிற்கும் எண்ணை, விலகி நிற்கிறது என்பதற்காக மட்டும் நீக்கக் கூடாது. அந்த நேரத்தில் அப்டேட் ஓடியது என்று லாக்கில் இருந்தால் நீக்கலாம். எதை நீக்குவது என்ற விதியை எண்களைப் பார்க்கும் முன்பே எழுதிவிடுங்கள்.

ஒப்பிடும்போது எண்கள் இயல்நிலைப் பரவலில் (மணி வடிவப் பரவலில்) இல்லாவிட்டால், எண்களைத் தரவரிசைப்படுத்தி ஒப்பிடும் மான்-விட்னி சோதனை போதும். வேறுபாடு இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், எவ்வளவு என்பதையும் அதன் நம்பக இடைவெளியையும் (உண்மை மதிப்பு எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் நடுவில் இருக்கலாம் என்ற மதிப்பீட்டையும்) கொடுங்கள்.

10. புதிய பதிப்பைப் பாதுகாப்புச் சோதனைக்கு அனுப்புங்கள்

நான்காம் படியில் பழைய பதிப்பு ஓடிய அதே சூழல்கள், அதே தொடக்க மதிப்புகள். முடிவுகளை ஜோடி ஜோடியாக வைத்துப் பாருங்கள். 400 சூழலில் பழையது 392இலும் புதியது 391இலும் தேறியது என்றால், ஒன்றுதானே என்று தோன்றும். ஜோடிகளைப் பார்த்தால், பழையது தேறிய 9 சூழல்களில் புதியது தோற்றிருக்கிறது, பழையது தோற்ற 8இல் புதியது தேறியிருக்கிறது. மொத்த எண்ணிக்கையில் அந்த 9 மறைந்துவிட்டது. அந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எல்லாமே மங்கிய ஒளியில் தரையோடு கிடக்கும் சிறு பொருள்கள் என்று தெரியவந்தால், 8 பிட்டுக்கு மாற்றியதன் இழப்பு எங்கே குவிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். சராசரித் துல்லியம் இதைச் சொல்லாது.

"இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, ஆகவே புதியதும் பாதுகாப்பானதே" என்ற வாக்கியத்தை எழுதாதீர்கள். சோதனைகள் குறைவாக இருந்தாலும் வேறுபாடு தெரியாதுதான். எவ்வளவு இழப்பு வரை ஏற்கலாம் என்ற வரம்பை முன்பே வைத்து, இழப்பு அதற்குள் அடங்குகிறது என்று காட்ட வேண்டும். ஒரு தோல்வியும் இல்லை என்றாலும் இதே எச்சரிக்கை. 300 சூழல்களில் ஒன்றுகூடத் தோற்கவில்லை என்றால், 95 சதவீத நம்பகத்தில் சொல்லக்கூடியது தோல்வி வீதம் 1 சதவீதத்துக்குள் இருக்கும் என்பது மட்டுமே. மூன்றை எண்ணிக்கையால் வகுக்கும் எளிய விதி இது. அந்தச் சூழல்களும் உண்மைப் பயன்பாட்டிலிருந்து ரேண்டமாக எடுக்கப்பட்டிருந்தால்தான் இதுவும் செல்லும்.

தாமதத்தில் சராசரியைப் பார்க்காதீர்கள். உறங்கும் சிபியு விழித்தெழ நேரம் எடுக்கும், அலைவெண் ஏறவும் நேரம் எடுக்கும். சராசரி அழகாக இருக்க, அவ்வப்போது ஒரு பிரேம் மட்டும் நீண்டு போகும். 12,000 பிரேமில் 99.9 சதவீதம் நேரத்தோடு முடிந்தாலும் 12 பிரேம் தவறுகிறது. அந்த 12 ஆங்காங்கே சிதறியிருந்தால் ஒரு நிலை, மூன்று அடுத்தடுத்து வந்தால் வேறு நிலை. நம் நிரல் 3 பிரேமை நம்பித்தான் முடிவெடுக்கிறது. எனவே மிக நீண்ட தாமதத்தையும், அடுத்தடுத்துத் தவறியவற்றின் மிக நீண்ட தொடரையும் தனியாகக் கணக்கிடுங்கள்.

கடைசியாக, வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். பிரேமைத் தவறவிடுங்கள், தாமதப்படுத்துங்கள், படத்தில் இரைச்சல் சேருங்கள், கேமராவைத் துண்டியுங்கள். கருவியைச் சூடாக்கி அலைவெண் தானாக இறங்கும்போது சோதியுங்கள். மின்சாரத்தைச் சேமிக்கும் பதிப்பு எப்போதும் விளிம்புக்கு அருகில் ஓடுகிறது. முன்பு சும்மா கிடந்த நேரம்தான் இந்தத் தொல்லைகளைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

11. முடிவெடுங்கள்

மூன்றாம் படியில் எழுதிய எல்லைகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மீறினாலும் அந்தப் பதிப்பு விலக்கப்படும், சேமிப்பு எவ்வளவு பெரிதானாலும் சரி. சேமிப்பையும் பாதுகாப்பையும் எடைபோட்டு ஒரே மதிப்பெண்ணாக ஆக்கும் பழக்கம் சில ஆய்வுகளில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மோதலை ஜூலால் ஈடுகட்ட முடியாது. எல்லைக்குள் நிற்கும் பதிப்புகளுக்குள் மட்டும் எது குறைவாக எடுக்கிறது என்று ஒப்பிடுங்கள்.

எல்லையே தவறாக எழுதப்பட்டது என்று இப்போது தோன்றினால் மாற்றலாம். ஆனால் மாற்றிய பிறகு பழைய பதிப்பிலிருந்து சோதனையை மீண்டும் தொடங்க வேண்டும், காரணத்தையும் அறிக்கையில் எழுத வேண்டும்.

12. அறிக்கையில் இருக்க வேண்டியவை

சில்லின் மாதிரி, கெர்னல் பதிப்பு, கம்பைலர் அமைப்பு, கவர்னர், டர்போ நிலை, அறை வெப்பநிலை, ஓட்டங்களின் வரிசை, நீக்கிய ஓட்டங்களும் காரணமும், வெற்றுநிலை எண். ஆற்றல் எண்ணி எந்தப் பகுதியின் செலவை எண்ணியது என்பதையும் எழுதுங்கள். "சிபியு மட்டும்" என்ற இரண்டு சொற்கள் இல்லாததால் இரண்டு ஆய்வுகளை ஒப்பிட முடியாமல் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

விலக்கப்பட்ட பதிப்புகளையும் அவை தோற்ற சூழல்களையும் மூல லாக்குகளோடு சேர்த்து வையுங்கள். ஒன்று விட்டு ஒரு பிரேமைப் பார்க்கும் யோசனை அடுத்து வரும் ஒருவருக்கும் தோன்றும். 1.725 மீட்டர் என்ற எண் அவர் கண்ணில் படும் இடத்தில் இருந்தால், அவர் அந்த வாரத்தை வேறொன்றுக்குச் செலவிடலாம்.